விஷம் வெச்சிரலாம் மிஸ்!

(பாடியில் நடைபெற்ற குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

மதிய உணவுக்குப் பிந்தைய அமர்வை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தூக்கம் வராத தலைப்பாகத்தான் கொண்டு வந்திருக்கிறேன்.

பாத்திரமேற்று நடித்தலை நாம் எல்லோரும் பி.எட். படிப்பிலேயே பார்த்திருக்கிறோம். பாட நாடகத்தில் வசனம் முன்கூட்டியே எழுதியிருக்கும். நான் சொல்லப்போவது வசனம் எழுதாத வகை. ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம்: ஒற்றன், மருத்துவச்சி, படைத்தலைவி, பாணன். "கோட்டை வாசலுக்கு வந்துவிட்டீர்கள். என்ன செய்கிறீர்கள்?" என்று கதை நடத்துபவர் கேட்பார். பிள்ளைகள் எதையும் சொல்லலாம். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவர் உருவாக்கி வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இந்த வகைக்கு மூத்தது. அதற்கு இருபது முகப் பகடை வேண்டும். எங்கள் எட்டாம் வகுப்புக்குத் தாயக்கட்டையே போதுமானதாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் ஆடுகிறோம். பாடி என்ற சொல்லுக்குப் படை தங்கும் இடம் என்றும் அகராதியில் பொருள் உண்டு. ஆகவே எங்கள் கதை ஒரு படைவீட்டில்தான் தொடங்கும்.

எந்தக் குழுவாக இருந்தாலும் நான்காவது, ஐந்தாவது வாரத்தில் ஒரு பிள்ளை சொல்லிவிடும்: "விஷம் வெச்சிரலாம் மிஸ்!"

நம்மிடம் உடனே வரும் பதில்கள் இரண்டு. "சீ, அப்படியெல்லாம் பேசக்கூடாது" என்பது ஒன்று. "விளையாட்டுதானே, போகட்டும்" என்பது மற்றொன்று. இரண்டுமே கைக்கு வந்த பாடத்தை விட்டுவிடுகின்றன. ஏனென்றால் அடுத்த நிமிடமே பிள்ளை கேட்கும்: "வாளால வெட்டினா வீரம், விஷம் வெச்சா தப்பா? ரெண்டுலயும் சாவுதானே மிஸ்?"

இது குறும்புக் கேள்வி இல்லை. அந்த அமெரிக்க விளையாட்டைச் சார்ந்து 2003இல் வந்த 'புக் ஆஃப் எக்ஸால்டட் டீட்ஸ்' என்ற விதிநூல், நஞ்சு தேவைக்கு மீறிய வேதனை தருவதால் அது தீய செயல் என்று விதித்தது. அதே நூல், நல்லவர் பக்கம் ஆடுபவர்களுக்காகத் தீயவர்களை மட்டும் தாக்கும் தனி நஞ்சுகளையும் வகுத்துக் கொடுத்தது! பெயரை மாற்றி உள்ளே விட்டுவிட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் பழைய நூல்களிலும் இதே தடுமாற்றம் இருக்கிறது. மனுநூல் நஞ்சு தோய்த்த ஆயுதத்தால் போரிடக்கூடாது என்கிறது. கோட்டையை முற்றுகையிடும்போது பகைவரின் உணவையும் நீரையும் கெடுக்கச் சொல்வதும் அதே நூலின் அதே அத்தியாயம்தான். புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு நமக்குத் தெரியும். பசுக்களும் அந்தணரும் பெண்களும் நோயாளிகளும் பிள்ளைப்பேறு இல்லாதவர்களும் பாதுகாப்பான இடத்துக்குப் போய்விடுங்கள் என்று அறிவித்துவிட்டே அம்பு எய்பவன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி. பாடியவர் நெட்டிமையார். அதே புலவர் அதே மன்னனைப் பாடிய பதினைந்தாம் பாட்டில், அவன் யானைகள் பகைவரின் காவல் மிக்க குளங்களில் இறங்கிப் படிகின்றன. அது நஞ்சு இல்லைதான். ஆனால் அந்தக் குளத்து நீரை யார் குடித்தார்கள்? அறம் பாடும் பாட்டையும் அழிவு பாடும் பாட்டையும் சேர்த்து நடத்தினால் மேல்வகுப்பில் நல்ல விவாதம் வரும். 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை நஞ்சையும் நஞ்சூட்டிய ஆயுதங்களையும் தடை செய்தது. எட்டே ஆண்டுகளில், முதல் உலகப்போரில், நச்சுப்புகை வந்துவிட்டது. விதி எழுதியதால் மட்டும் கேள்வி தீரவில்லை.

அதனால் நான் வகுப்பில் விதி சொல்வதில்லை, கேள்வி கேட்கிறேன். எங்கள் கதையில் ஒற்றனாக இருந்த பையன் கோட்டைக் கிணற்றில் விஷம் கலக்கப் போனான். தாயம் விழுந்தது, காரியம் பலித்தது. "சரி, காலையில் அந்தக் கிணற்றுக்கு முதலில் யார் வருவார்கள்?" என்று கேட்டேன். தண்ணீர் லாரிக்கு முன்னால் குடத்தோடு வரிசையில் நின்ற பிள்ளைகள் அவர்கள். வீரர்கள் வரமாட்டார்கள் என்பது உடனே தெரிந்துவிட்டது. "சமையல் பண்ற அம்மா", "தண்ணி தூக்கற பசங்க", "குதிரைக்கும் அதான் மிஸ்." ஒற்றன் தானாகவே, ஊரார் வருவதற்குள் ஓடிப்போய்க் கிணற்றை மூடப்போவதாகச் சொன்னான். அதற்கும் தாயக்கட்டை உருட்டவேண்டியிருந்தது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது.

பிறகு அவன் வேறு வழி பிடித்தான். "அம்பு நுனியில தடவிக்கிறேன். ஒருத்தனுக்கு மட்டும்தான்." மருத்துவச்சியாக ஆடிய மாணவி விடவில்லை: "அம்பு பட்டவனைத் தூக்கிட்டு வந்தா நான் கட்டுப் போட்டுக் காப்பாத்துவேன். விஷ அம்புன்னா எனக்கு வேலையே இல்ல." விதிநூல் சொன்ன காரணத்தைவிட இது ஆழமான காரணம் என்று நினைக்கிறேன். வாள் சண்டையில் இரக்கத்துக்குக் கொஞ்சம் இடம் மிஞ்சுகிறது. ஆனால் பின்வரிசையிலிருந்து இன்னொருவன் எழுந்தான்: "நாங்க பத்து பேரு, அவங்க ஆயிரம் பேரு. அவங்ககிட்ட யானை இருக்கு. எங்ககிட்ட வேற என்ன இருக்கு மிஸ்?" இதற்கு என்னிடம் சட்டென்று சொல்லப் பதில் இல்லை, சொல்லவும் முயலவில்லை. வகுப்பு இரண்டாகப் பிரிந்து மணி அடிக்கும்வரை வாதாடியது. வழக்கமாக வாயே திறக்காத நான்கு பேர் அன்று பேசினார்கள்.

சோற்றில் வைக்கும் விஷம் பற்றி மட்டும் பிள்ளைகளிடம் இரண்டு கருத்து இருக்கவில்லை. துரியோதனன் பீமனுக்கு உணவில் நஞ்சு வைத்த கதையைச் சொன்னபோது முகம் சுளித்தார்கள். போர்க்களத்தில் எதிரி எதிரி என்று தெரியும். சாப்பிட உட்காரும்போது தெரியாது. அங்கே நம்பிக்கையையே ஆயுதமாக்குகிறோம். பரிமாறுவது நஞ்சு என்று கண்டும் உண்பவரைப் பற்றித் திருவள்ளுவர் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறளில் சொல்கிறார். அந்தக் குறளை இந்த ஆட்டத்துக்குப் பிறகு நடத்திப் பாருங்கள். பொருள் விளக்க அதிக நேரம் ஆகாது.

கடைசியாக, நடைமுறை பற்றிச் சில வார்த்தைகள். நம் ஊரில் நஞ்சு கற்பனைப் பொருள் மட்டும் அல்ல. சில வீடுகளில் பரண்மேல் இருக்கிறது. ஆகவே பூச்சிமருந்து, எலிமருந்து, உண்மையான செடி, விதை ஆகியவற்றின் பெயர்களை ஆட்டத்துக்குள் விடுவதில்லை. நாங்கள் 'நீலச்சாறு' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறோம். அதை எப்படிச் செய்வது, எவ்வளவு கலப்பது என்ற பேச்சுக்கும் இடமில்லை. தன் குடும்பத்தில் அப்படி ஓர் இழப்பைக் கண்ட பிள்ளை வகுப்பில் இருப்பது தெரிந்தால் நஞ்சு வராத கதையாகவே தேர்ந்தெடுங்கள், கதைக்கா பஞ்சம்? ஒரு பிள்ளை எதிரிக்கு அல்லாமல் தன் பாத்திரத்துக்கே நஞ்சு கேட்டால், அதுவும் திரும்பத் திரும்பக் கேட்டால், எல்லோர் முன்னாலும் கண்டிக்காதீர்கள். மணி அடித்ததும் அந்தப் பிள்ளையைத் தனியே உட்காரவைத்துப் பேசவிடுங்கள். தலைமையாசிரியரிடமும் வீட்டாரிடமும் அன்றைக்கே சொல்லுங்கள். நம் துறையின் 14417 உதவி எண்ணையும் அழைக்கலாம். இந்த ஒரு விஷயத்தில் 'விளையாட்டுதானே' என்று விட்டுவிட வேண்டாம்.