தலை சாய்க்க ஓர் இடம்

பொதுக்காலம் 13ஆம் ஞாயிறு – வானொலி மறையுரை
(1 அரசர்கள் 19: 16,19-21; கலாத்தியர் 5: 1,13-18; லூக்கா 9: 51-62)



அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சான் பிரான்சிஸ்கோவிலிருந்து தெற்கே சான் ஹோசே நோக்கி ஒரு நீண்ட சாலை செல்கிறது. 'எல் கமினோ ரியால்' என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் 'அரச பாதை' என்று பொருள். புனித ஜூனிப்பெரோ செர்ராவும் அவருக்குப் பின் வந்த பிரான்சிஸ்கன் துறவிகளும் 1769 முதல் 1823 வரை அம்மாநிலத்தில் 21 மறைப்பணித் தளங்களை நிறுவினார்கள். அத்தளங்களை இணைத்த பாதையின் நினைவாகவே அந்தப் பெயர். பூர்வகுடி மக்களுக்கு அக்காலம் கொண்டுவந்த துன்பங்களை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் வழிப்போக்கர் ஒருவர் ஒரு தளத்திலிருந்து புறப்பட்டால் அடுத்த தளத்தில் தங்கலாம் என்ற நம்பிக்கை அந்தப் பாதையில் இருந்தது.

இன்று அதே சாலையில், உலகப் புகழ்பெற்ற ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓரமாக, பழைய வேன்களும் நீண்ட வீட்டு வண்டிகளும் வரிசையாக நின்றதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். அவை சுற்றுலா வந்த வண்டிகள் அல்ல. அவற்றுக்குள் மனிதர்கள் குடியிருந்தார்கள். காலையில் எழுந்து வேலைக்குப் போகும் மனிதர்கள். கூகுள் போன்ற பெரும் நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கும் ஊர்கள் அவை. நம் பங்குகளிலும் மகனோ மகளோ அங்கே கணினித் துறையில் பணியாற்றும் குடும்பங்கள் பல உண்டு. எனவே அது நமக்குத் தொலைவான ஊர் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன், கோடைக் காலத்தில், அப்பகுதிப் பங்கு ஒன்றில் உதவிப் பணிக்காக நாங்கள் இரு குருக்கள் சென்றிருந்தோம். ஒரு ஞாயிறு மாலைத் திருப்பலிக்குப்பின், ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி எங்களிடம் வந்தார். வயது முதிர்ந்த தம்பதியரை அவர்கள் வீட்டிலேயே கவனித்துக்கொள்ளும் வேலை அவருக்கு. குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, படுக்கையில் திருப்பிப் படுக்கவைப்பது எல்லாம் அவர்தான். இரவில் தூங்குவது வேனில்.

"வேலை இருக்கிறது, ஃபாதர். வீடுதான் இல்லை" என்றார்.

வேன் வாழ்க்கையைப் பற்றி அவர் சொன்னவை இன்னும் எங்கள் நினைவில் உள்ளன. உள்ளே விளக்கு எரிவது வெளியே தெரியாதபடி சன்னல்களை அட்டையால் அடைத்து வைப்பார். மாலையில் சமைப்பதில்லை, தாளிக்கும் மணம் வந்தால் யாராவது காவல்துறையை அழைத்துவிடுவார்கள். குளிப்பதற்காகவே ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் மாதச் சந்தா கட்டியிருந்தார். ஒரே தெருவில் 72 மணி நேரத்துக்கு மேல் நின்றால் வண்டியை இழுத்துச் செல்ல நகராட்சிக்கு அதிகாரம் உண்டு. எனவே எந்தத் தெருவுக்கு எந்த நாளில் வந்தோம் என்று நாட்காட்டியில் குறித்து வைப்பார். வண்டியை இழுத்துக்கொண்டு போனால் வீடும் போயிற்று, வேலையும் போயிற்று. நோயாளிக்கு இரவில் ஏதாவது ஆனால் ஓடிப்போவதற்கு அருகிலேயே இருக்க வேண்டும் என்ற கவலை வேறு.

அவர் எங்களிடம் கேட்டது பணம் அல்ல. "சனிக்கிழமை இரவு மட்டும் கோவில் வளாகத்தில் வண்டியை நிறுத்திக்கொள்ளட்டுமா? ஒரு இரவாவது பயமில்லாமல் தூங்குவேன்" என்றார்.

நாங்கள் என்ன பதில் சொன்னோம் தெரியுமா? "பங்குத்தந்தையிடம் கேட்டுச் சொல்கிறோம்."

அன்று இரவு நாங்கள் கேட்கவில்லை. மறுநாளும் கேட்கவில்லை. காப்பீட்டுச் சிக்கல் வருமோ, பக்கத்து வீட்டுக்காரர்கள் குறை சொல்வார்களோ, விருந்தாளியாக வந்த நமக்கு எதற்கு இந்த வம்பு என்று பேசிக்கொண்டோம். அடுத்த ஞாயிறு அவர் திருப்பலிக்கு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மாத இறுதியில் நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். அவருக்கு நாங்கள் சொல்லவேண்டிய பதில் இன்றும் எங்களிடமே இருக்கிறது.

அன்பார்ந்தவர்களே, இன்றைய நற்செய்தியைக் கேட்கும்போதெல்லாம் அந்தப் பெண்மணியின் முகம் நம் முன்னே வந்து நிற்கிறது.

இயேசு எருசலேமை நோக்கிப் பயணம் தொடங்குகிறார். தங்குவதற்கு இடம் பார்க்கத் தூதர்களை முன்னதாக அனுப்புகிறார். சமாரியர் ஊர் ஒன்று அவரை ஏற்க மறுக்கிறது. யாக்கோபுக்கும் யோவானுக்கும் கோபம் பொங்குகிறது. வானத்திலிருந்து நெருப்பை வரவழைக்கட்டுமா என்று கேட்கிறார்கள். இயேசு அவர்களைக் கடிந்துகொண்டு, வேறோர் ஊருக்கு நடக்கிறார். 'இங்கே நிறுத்தாதே, வேறு தெருவுக்குப் போ' என்ற சொல்லை நம் ஆண்டவரும் கேட்டிருக்கிறார்.

வழியில் ஒருவர், எங்கு சென்றாலும் பின்தொடர்வேன் என்கிறார். நரிகளுக்கும் பறவைகளுக்கும் இருப்பதுகூடத் தமக்கு இல்லை, தலைவைக்க ஓர் இடம் இல்லை என்று இயேசு அவருக்குச் சொல்கிறார். இதை நாம் பலமுறை கேட்டுவிட்டதால் ஓர் உவமைபோல எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இது அவருடைய வாழ்க்கை. அவர் பிறந்தபோது விடுதியில் இடமில்லை. அவருடைய இறுதி நாட்களைப் பற்றி அதே லூக்கா 21ஆம் அதிகாரத்தின் முடிவில் ஒரு சிறிய செய்தி தருகிறார்: பகலில் கோவிலில் கற்பித்தார், இரவில் ஒலிவ மலையில் தங்கினார். பாஸ்கா விழாக் காலத்தில் எருசலேம் நிரம்பி வழிந்த நேரம் அது. நகரத்துக்குள் பணி, நகரத்துக்கு வெளியே தூக்கம். இன்று கலிபோர்னியாவில் வேனில் படுத்து எழும் தொழிலாளர்களும் அப்படித்தான் வாழ்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையை நம் ஆண்டவர் உள்ளிருந்தே அறிவார்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். 'வேனில் வாழ்வதைச் சிலர் விரும்பித் தேர்ந்துகொள்கிறார்களே?' உண்மைதான். 2015ஆம் ஆண்டில் அப்பகுதியின் பெரிய நிறுவனம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த 23 வயது இளைஞர், 10,000 டாலருக்கு ஒரு பழைய சரக்கு வண்டியை வாங்கி, நிறுவனத்தின் வாகன நிறுத்துமிடத்திலேயே வாழ்ந்த செய்தி பத்திரிகைகளில் வந்தது. நிறுவனத்திலேயே சாப்பாடு, அங்கேயே குளியல். வாடகைக்குப் போகவேண்டிய பணத்தைச் சேமித்துக் கல்விக் கடனை அடைத்தார். பொருள்களுக்கு அடிமையாகாமல் குறைவாக வைத்துக்கொண்டு நிறைவாக வாழ விரும்பும் இளையோரைக் குறை சொல்ல மாட்டோம். முதல் வாசகத்தில் எலிசாவும் அதைத்தானே செய்தார்? ஏர்க் கலப்பையையே விறகாக்கி, உழுத மாடுகளைச் சமைத்து மக்களுக்கு விருந்து வைத்துவிட்டு எலியாவின் பின்னே நடந்தார்.

ஆனால் அந்த இளைஞருக்கும் அந்தப் பெண்மணிக்கும் உள்ள வேறுபாட்டை நாம் மறக்கக்கூடாது. இளைஞர் நினைத்தால் மறுநாளே வீடு எடுக்க முடியும். பெண்மணியால் முடியாது. தானாக ஏற்பது எளிமை. பிறர் சுமத்துவது வறுமை. எளிமையைப் போற்றும் நாம், வறுமையில் இருப்பவரைப் பார்த்து 'எளிமையாக வாழ்கிறாய், நல்லது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

ஒரு சிறு கணக்குப் பார்ப்போம். மணிக்கு 17 டாலர் கூலி, வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்று வைத்துக்கொள்வோம். வரி பிடிப்பதற்கு முன்பே மாத வருமானம் 3,000 டாலரைத் தொடாது. அந்த ஊர்களில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டின் வாடகை மட்டும் பெரும்பாலும் 2,500 டாலருக்கு மேல். வாடகையைப்போல் மூன்று மடங்கு வருமானம் இருப்பதாகக் காட்டினால்தான் வீடு தருவேன் என்று கேட்கும் உரிமையாளர்களும் உண்டு. முன்பணமும் வேண்டும். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் கணக்கு இடிக்கிறது. இரண்டு மணி நேரப் பயணத் தொலைவில் குறைந்த வாடகைக்கு வீடு பார்க்கலாம். பெட்ரோலுக்கும் தூக்கத்துக்கும் யார் கணக்குச் சொல்வது?

வேன்கூட வாங்க முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? பாலோ ஆல்ட்டோவுக்கும் சான் ஹோசேவுக்கும் இடையே 22ஆம் எண் பேருந்து இரவு முழுவதும் ஓடி வந்தது. குளிருக்குப் பயந்து அதிலேயே ஏறி, கடைசி நிறுத்தம் வரை தூங்கி, இறங்கி, மீண்டும் ஏறித் தூங்கியவர்கள் இருந்தார்கள். அந்தப் பேருந்துக்கு மக்கள் வைத்த பெயர் 'ஹோட்டல் 22'.

இது எதனால் வந்தது? வேலைகள் பெருகின, வீடுகள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. ஒரு மனையில் ஒரு குடும்பத்துக்கான வீடுதான் என்ற விதி பல பகுதிகளில் நீண்ட காலம் இருந்தது. அடுக்குமாடி கட்டலாம் என்றபோதெல்லாம், முன்பே வீடு வாங்கியவர்களில் பலர் எதிர்த்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. நம்மைப்போல் பிள்ளைகளை வளர்ப்பவர்கள். ஞாயிறு தோறும் கோவிலுக்கு வருபவர்களும் அவர்களில் உண்டு. மவுண்டன் வியூ நகரில் 2020 நவம்பரில், 40 அடியும் அதற்குக் குறைவும் அகலமுள்ள தெருக்களில் பெரிய வண்டிகளை நிறுத்தத் தடைவிதிக்கும் சட்டத்துக்குப் பெரும்பான்மை வாக்காளர்கள் ஆதரவளித்தார்கள். தங்கள் நோயாளிகளைக் கவனிப்பவர், தங்கள் உணவகத்தில் பாத்திரம் கழுவுபவர், தங்கள் தோட்டத்தைச் சீர்செய்பவர் எங்கே தூங்குவார் என்று எத்தனைபேர் கேட்டுப் பார்த்தார்களோ!

திருஅவை இதில் மௌனமாக இருக்கவில்லை. 1891ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை 13ஆம் லியோ, உழைப்பவர் தம் குடும்பத்தோடு மதிப்பாக வாழப் போதுமான கூலி தருவது நீதி என்று தம் சுற்றுமடலில் கற்பித்தார். மனிதர் மனிதராக வாழத் தேவையானவற்றில் உணவு, உடையோடு உறைவிடத்தையும் இரண்டாம் வத்திக்கான் சங்கம் சேர்த்தது. திருத்தந்தை பிரான்சிஸ் அவர்கள் புனித பேதுரு பெருங்கோவிலின் தூண்வரிசை அருகே வீடற்றோர் குளிக்க 2015-ல் வசதி செய்து கொடுத்தார். 2019 நவம்பரில், அதே இடத்துக்கு அருகே உள்ள பழைய மாளிகை ஒன்று அவர் விருப்பப்படி வீடற்றோரின் தங்குமிடமாகத் திறக்கப்பட்டது. உரோமையிலேயே விலை மதிப்புமிக்க இடங்களில் ஒன்று அது.

கலிபோர்னியாவிலும் நல்ல உள்ளங்கள் உண்டு. சாந்தா பார்பரா நகரில் 2004 முதல், வேன்களிலும் கார்களிலும் வாழ்பவர்கள் இரவில் பாதுகாப்பாக நிறுத்திக்கொள்ள இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. வேறு நகரங்களிலும் இத்தகைய ஏற்பாடுகள் தொடங்கின. கோவில்கள் சிலவும் தங்கள் வளாகக் கதவுகளைத் திறந்தன. பகலில் வெறுமையாகக் கிடக்கும் தார்த்தரை, இரவில் நான்கு குடும்பங்களுக்கு அச்சமற்ற தூக்கத்தைத் தருகிறது. நாங்கள் 'கேட்டுச் சொல்கிறோம்' என்றதை அவர்கள் செய்துகாட்டினார்கள்.

நற்செய்தியில் அழைக்கப்பட்ட மற்ற இருவரையும் பாருங்கள். ஒருவர், முதலில் தந்தையை அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்கிறார். இன்னொருவர், முதலில் வீட்டாரிடம் விடைபெற்று வருகிறேன் என்கிறார. இருவரும் மறுக்கவில்லை, 'முதலில்' என்று ஒரு சொல்லை முன்னே வைக்கிறார்கள். அன்று எங்கள் வாயில் வந்ததும் அதே சொல்தான். அன்புக்கு எதிரி எப்போதும் வெறுப்பாக இருக்க வேண்டியதில்லை. தள்ளிப்போடுவதும் அன்பைக் கொன்றுவிடும்.

சகோதரரே, சகோதரிகளே, இப்போது நம் வீட்டு வாசலுக்கு வருவோம். நம் ஊரில் எழும்பும் கட்டடங்களில் வேலைசெய்ய வந்தவர்கள் தகரக் கொட்டகையில் எப்படித் தூங்குகிறார்கள் என்று நாம் எட்டிப் பார்த்ததுண்டா? நம் மாடிவீட்டை வாடகைக்கு விடும்போது, வருபவரின் சாதியையும் மொழியையும் முதலில் கேட்கிறோமா? நம் வீட்டு வேலைக்கு வரும் அக்கா விடியற்காலை எத்தனை பேருந்து மாறி வருகிறார் என்பது நமக்குத் தெரியுமா? உன்மீது அன்புகூர்வதுபோல் அடுத்திருப்பவர்மீதும் அன்புகூர்வதில் திருச்சட்டம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்று இரண்டாம் வாசகத்தில் பவுல் நமக்கு நினைவூட்டுகிறார். தலையணையில் தலைவைக்கும்போது அதைச் சோதித்துப் பார்க்கலாம்.

அந்தப் பவுலே கொரிந்து நகருக்கு வந்தபோது அந்நியர். அக்கில்லாவும் பிரிஸ்கில்லாவும் அவரைத் தங்கள் வீட்டில் தங்கவைத்தார்கள். அவர்களும் உரோமையிலிருந்து விரட்டப்பட்டு வந்தவர்களே. மூவருக்கும் ஒரே தொழில்: கூடாரம் செய்வது. அந்த வீட்டின் ஒரு மூலையும் ஒரு பாயும் நற்செய்திக்குச் செய்த உதவி எவ்வளவு பெரியது!

இந்த வாரம் நாம் ஒன்று செய்வோம். 'பார்த்துச் சொல்கிறேன், கேட்டுச் சொல்கிறேன்' என்று நாம் சொல்லி விட்டுவிட்ட ஒருவரை நினைவில் கொண்டுவந்து, அவருக்குரிய பதிலைச் சொல்லிவிடுவோம். முடியுமானால் 'ஆம்' என்று. முடியாவிட்டால் வேறு வழி தேடித் தந்து.

செபிப்போம். ஒலிவ மலையில் இரவைக் கழித்த ஆண்டவரே, இன்றிரவு வண்டிகளிலும் பேருந்துகளிலும் கொட்டகைகளிலும் கண்ணயரும் உம் தொழிலாளர்களைக் காத்தருளும். கதவு இருந்தும் திறக்கத் தயங்கும் எங்களை மன்னித்தருளும். நாங்கள் பதில் சொல்லாமல் விட்ட அந்தச் சகோதரிக்கு, எங்கிருந்தாலும், தலை சாய்க்க ஓர் இடம் தந்தருளும். ஆமென்.