குளிரும் நமக்கு ஒரு சந்தைதான்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது)



டெல்லி சரஸ் கண்காட்சியில் நமக்கு ஒரு ஸ்டால் கிடைத்திருக்கிறது. உறுப்பினர்கள் ஐந்து பேர், களப்பணியாளர் ஒருவர், ஆக ஆறு பேர் போகிறோம். எங்களில் ஒருவர்கூட சென்னையைத் தாண்டி வடக்கே போனதில்லை. அதனால் சந்தோஷம் எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு பயமும் இருக்கிறது. இரண்டையும் உங்கள் முன் வைத்துவிட்டுக் கிளம்ப நினைக்கிறோம்.

முதலில் அந்த இடத்தைப் பற்றிச் சொல்கிறோம். டெல்லி பிரகதி மைதானத்தில் 1980 முதல் இந்திய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்து வருகிறது. வழக்கமாக நவம்பர் 14 முதல் 27 வரை நடக்கும். அதில் ஊரக வளர்ச்சி அமைச்சகம் கிராமத்துப் பெண்களின் பொருட்களுக்கென்று நடத்துவதுதான் சரஸ். சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குத் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால், இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்துத்தான் டெல்லியில் இறங்க முடியும். ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர்.

இனி பயங்களைச் சொல்கிறோம். பயிற்சிக்கு உட்கார்ந்த அன்றே எல்லோரும் கேட்ட கேள்வி, "குளிர்ல கை கால் மரத்துப் போயிருமாமே, நெசமா?" நம் ராமநாதபுரத்தில் மார்கழியிலேயே மின்விசிறி போட்டுத் தூங்குகிறவர்கள் நாம். டெல்லியில் நவம்பர் கடைசியில் இரவு வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கும். ஒரே கனமான ஸ்வெட்டரை விட, மெல்லிய துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுவதே நல்லது. பகலில் வெயில் வந்தால் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொள்ளலாம். காலுக்குச் சாக்ஸ், காதை மூட ஸ்கார்ஃப் இரண்டும் கட்டாயம். தாகம் தெரியாது, ஆனாலும் வெந்நீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். தங்கும் இடத்தில் கம்பளி தருவார்களா என்று கேட்டிருக்கிறோம். பதில் வரும்வரை ஆளுக்கொரு போர்வை நம் பையில் இருக்கட்டும்.

குளிரை விடப் பெரிய கவலை காற்று. பஞ்சாப், அரியானா பக்கம் நெல் அறுத்த தாளை எரிக்கும் புகையும், வண்டிப் புகையும், தூசியும் அந்த மாதத்தில் கலைந்து போகாமல் கீழேயே தங்கிவிடும். துணி மாஸ்க் இதற்குப் போதாது, என்-95 வாங்கியிருக்கிறோம். எங்கள் ஐவரில் ஓர் அக்காவுக்கு இழுப்பு உண்டு. "என்னால ஸ்டால் போயிரக் கூடாது"ன்னு அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். டாக்டர் வேண்டாம் என்றால் மாற்று உறுப்பினர் தயாராக இருக்கிறார். அக்கா இங்கேயே இருந்து சரக்கு அனுப்புவதைப் பார்ப்பார். அது அவருக்கு எந்த விதத்திலும் குறைவு அல்ல. உடம்பைப் பணயம் வைத்து வரும் லாபம் நமக்கு வேண்டாம்.

அடுத்தது சரக்கு. கூட்டமைப்பில் 60,000 ரூபாய் கடன் எடுத்திருக்கிறோம். விற்காமல் திரும்பி வந்தாலும் தவணை கட்டியே ஆக வேண்டும். நம் செக்குத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். காலையில் வெள்ளையாகக் கட்டியிருப்பதைப் பார்த்து வாங்குகிறவர்கள் கலப்படம் என்று நினைக்கலாம். குளிரில் உறைவது எண்ணெயின் இயல்பு என்று இந்தியில் எழுதி ஸ்டாலில் ஒட்டப்போகிறோம். வாய் சிறிய பாட்டிலில் உறைந்தால் எடுக்க முடியாது என்பதால் அகல வாய் டப்பாவுக்கு மாற்றிவிட்டோம்.

நம்பிக்கையும் இந்தக் குளிரில்தான் இருக்கிறது. வடக்கே குளிர்காலத்தில் வெல்லமும் எள்ளும் கடலையும் விரும்பிச் சாப்பிடுவார்கள், உடம்புக்குச் சூடு என்பார்கள். வெல்லத்துக்கு அங்கே 'குட்' என்று பெயர். நம் கருப்பட்டியும் சுக்குக் காப்பிப் பொடியும் அவர்களுக்குப் புதுசு, ஆனால் தேவை பழசு. ஸ்டாலில் பிளாஸ்க்கில் சூடாகச் சுக்குக் காப்பி வைத்து, ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொல்வோம். குளிரில் நிற்கிறவருக்கு அதைவிட நல்ல விளம்பரம் உண்டா? பனை ஓலைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தால் பெட்டியும் சேர்ந்து விற்கும்.

பாஷைக்கு வழி செய்திருக்கிறோம். 'கித்னா' என்றால் எவ்வளவு, 'சௌ' என்றால் நூறு, 'தோ சௌ' என்றால் இருநூறு. 'கம் கரோ' என்றால் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள். அதற்குச் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுக்கவும் பழகிவிட்டோம்! விலை அட்டையும் ஸ்கேன் செய்து பணம் கட்டும் அட்டையும் தயார்.

கடைசியாக, ஊரில் இருக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். போகிறவர்கள் வீட்டில் ஆடு இருக்கிறது, மாமியார் இருக்கிறார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. மூன்று வாரம் அந்தந்தக் குழு உறுப்பினர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அவர்களுடைய சேமிப்பை இந்தக் கூட்டத்திலேயே முன்கூட்டிக் கட்டிவிடுகிறோம். "பொம்பளைங்க டெல்லி வரைக்கும் போகணுமா?" என்று யாராவது டீக்கடையில் கேட்டால், பதில் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். ரயிலில் இருக்கும் எங்களுக்கு அது கேட்காது.

திரும்பி வந்ததும் விற்றது எவ்வளவு, மீந்தது எவ்வளவு, செலவு எவ்வளவு என்று இதே இடத்தில் எல்லோர் முன்னிலையிலும் கணக்கு வைப்போம். லாபமானாலும் நட்டமானாலும் அடுத்த வருஷம் போகிற குழுவுக்கு வழி தெரிந்திருக்கும்.

போய் வருகிறோம்.