ஆஸ்துமாவும் வைட்டமின் ‘டி’யும்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் பலர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்கின்றனர். “வைட்டமின் ‘டி’ குறைவினால்தான் இளைப்பு வருகிறதாமே! அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் இன்ஹேலரை நிறுத்திவிடலாமா?” என்பதே அது. சிலர் கேட்காமலேயே நிறுத்தியும் விடுகின்றனர். உயிரோடு தொடர்புடைய விஷயம் என்பதால் இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்சுவர் அழற்சியால் வீங்குகிறது, சுற்றியுள்ள தசை இறுகுகிறது, சளி அடைக்கிறது. வைட்டமின் ‘டி’ எலும்புக்கு மட்டும் உரியதன்று. அழற்சியைத் தணிக்கும் தன்மையும் அதற்கு உண்டு என ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டின. கடும் ஆஸ்துமா உள்ளவர்களின் இரத்தத்தில் இச்சத்து குறைந்திருப்பதையும் பல ஆய்வுகள் கண்டன. நம்பிக்கை பிறந்தது இதிலிருந்துதான்.

ஆனால், இரண்டு சேர்ந்து காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. இளைப்பு உள்ளவர் வெளியே நடமாடுவது குறைவு. வெயில் படுவதும் குறைவு. உடல் பருமனோ ஆஸ்துமாவையும் கடுமையாக்கும், இரத்தத்தில் ‘டி’ அளவையும் குறைக்கும். எனவே இக்குறைபாடு நோயின் விளைவாகவும் இருக்கலாம்.

இதனைச் சோதிக்க அமெரிக்காவில் ஆஸ்துமாவும் ‘டி’ குறைவும் உள்ள 408 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2014இல் வெளியாயிற்று. ஒரு சாராருக்கு முதலில் 1,00,000 யூனிட்டும், பின்னர் நாள்தோறும் 4,000 யூனிட்டுமாக 28 வாரங்கள் வைட்டமின் ‘டி’ தரப்பட்டது. மறு சாராருக்கு மருந்தில்லா மாத்திரை. இரு சாராரும் இன்ஹேலர் மருந்தும் எடுத்தனர். நோய் கட்டுக்கு மீறுவதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. 2016இல் காக்ரேன் தொகுப்பாய்வு, கடுந்தாக்குதல்கள் குறையலாம் என்றது. மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்து 2023இல் வந்த அதன் புதுப்பதிப்பில் அப்பயன் உறுதிப்படவில்லை.

அப்படியாயின் வைட்டமின் ‘டி’ வேண்டாமா? வேண்டும். அடிக்கடி ஸ்டீராய்டு மாத்திரை உண்ணும் ஆஸ்துமா நோயாளிகளின் எலும்பு தேயக்கூடும்; அவர்களுக்கு இச்சத்து மிகவும் தேவை. வெயில் மிகுந்த நம் நாட்டிலும் குறைபாடு பரவலாக உள்ளது. நாளெல்லாம் கூரைக்குள் இருக்கிறோம். கண்ணாடி வழியே வரும் வெயில் இச்சத்தை உண்டாக்காது. எனினும் அளவு மருத்துவர் சொல்வதாக இருக்கட்டும். வாரம் ஒருமுறைக்குரிய 60,000 யூனிட் மருந்தை நாள்தோறும் உண்டால் இரத்தத்தில் சுண்ணாம்புச்சத்து ஏறிச் சிறுநீரகம் பழுதாகும்.

இன்ஹேலர் பழக்கமாகிவிடும் என்ற அச்சம் வீணானது. நேரே நுரையீரலுக்குச் செல்வதால் அதில் மருந்தின் அளவு மிகச் சிறிது. குறைபாடு இருந்தால் வைட்டமினை உண்போம்; இன்ஹேலரை விடாதிருப்போம். ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச இயலாதபடி மூச்சு முட்டினால், விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்கு விரைவோம்.