பின்னால் வரும் காரையும் பாருங்கள்

(குருநகரில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டர்மார் மேடையேறினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். இன்று பழைய கார்களைப் பற்றிப் பேசப் போகிறோம். சங்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்ற பெயர்கள் யாழ்ப்பாணத்தில் எல்லாருக்கும் பழக்கமானவை. ஏ 40 சோமசெற் 1952 முதல் 1954 வரை மட்டுமே இங்கிலாந்தில் செய்யப்பட்டது. மொறிஸ் மைனர் 1948 இல் வந்தது. பிறந்த நாட்டில் பிரியர்கள் மட்டும் பொத்தி வைத்திருந்த காலத்திலும், எங்கள் றோட்டுகளில் அவை வாடகைக்கு ஓடி உழைத்தன.

1990 இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையும் வந்தபோது பெற்றோல் அரிய பொருளாயிற்று. பழைய எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு என்பதால் மண்ணெண்ணெயில் ஓரளவு ஓடக்கூடியனவாய் இருந்தன. ஆனால் எஞ்சின் குளிர்ந்திருந்தால் மண்ணெண்ணெய் சரியாக ஆவியாகாது. சிறு போத்தலில் சேமித்த பெற்றோலில் சில துளிகளைக் காபுரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறிய பிறகுதான் மண்ணெண்ணெயில் ஓட விடுவார்கள். பற்றறி சரியில்லை என்றால் தள்ளத்தான் வேண்டும்.

அப்போது அயல் முழுவதும் வந்து தள்ளும். உள்ளே பிள்ளைப்பேற்று நோவோடு ஒரு தாய் இருப்பார், அல்லது காயப்பட்ட ஒருவர் இருப்பார். கார் யாருடையது என்று ஒருவரும் கேட்டதில்லை. பாடசாலைச் சீருடையோடு நாங்களும் தள்ளியிருக்கிறோம். முகத்தில் கரும்புகை அடிக்கும், கார் போய்விடும். ஆள் தப்பிவிட்டதா என்பது அடுத்த நாள்தான் தெரியவரும். குருநகர் ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வள்ளத்தைக் கரையேற்றக் கைகொடுப்பவர்கள் அது யாருடைய வள்ளம் என்று பார்ப்பதில்லை.

இன்று பழைய கார்ப் பிரியர்கள் உலகமெங்கும் கூட்டமாகப் பயணம் போகிறார்கள். லண்டனில் இருக்கும் எங்கள் தோழிகள் பிறைற்றன் ஓட்டத்தை அறிந்திருப்பார்கள். 1896 நவம்பரில் நடந்த முதல் பயணத்தின் நினைவாக, 1905 இற்கு முன் செய்யப்பட்ட கார்கள் ஏறத்தாழ 60 மைல் ஓடுகின்றன. அது பந்தயம் அல்ல. முதலாவதாகப் போய்ச் சேர்ந்தவருக்கென்று பரிசில்லை. வழியில் ஒன்று நின்றால், இன்னொருவர் சாவிகளோடு இறங்கிவிடுவார்.

இப்படிக் கூட்டமாகப் போகிறவர்களிடம் நல்ல வழக்கங்கள் சில உண்டு. மிக மெதுவான காரின் வேகமே எல்லாருடைய வேகமும். வேலை தெரிந்தவர் ஆயுதப் பெட்டியோடு கடைசியில் வருவார். ஒவ்வொரு சாரதியும் தனக்குப் பின்னால் வருபவருக்குப் பொறுப்பு. சந்தியில் திரும்ப முன்னர், பின்னால் வரும் கார் கண்ணாடியில் தெரியும் வரை காத்திருக்க வேண்டும். முன்னால் போகிறவரை மட்டுமே எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால், நடுவில் ஒன்று நின்றது ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் சங்கம் நூறு ஆண்டுகளாக முன்னால் போனவர்களை நன்றாகப் பார்த்திருக்கிறது. டொக்டர், பொறியியலாளர், அதிபர் என்று பெயர்ப் பட்டியல் நீளமானது. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வோடு படிப்பை விட்டவர்கள், சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றாமல் குடும்பத்தைச் சுமந்தவர்கள் அதில் எத்தனை பேர்? அவர்களும் எங்களோடு ஒரே வாங்கில் இருந்தவர்கள். சிலர் இந்த மண்டபத்துக்கு நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறார்கள். “நான் பழைய மாணவி என்று எப்படி வருவது?” என்று கூச்சப்படுகிறார்கள்.

ஆகவே எங்கள் வகுப்புத் தோழிகள் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். இந்த ஆண்டு ஒவ்வொருவரும் படிப்பை இடையில் விட்ட ஒரு தோழியைத் தேடிப் போய்ச் சந்திப்போம். அவரின் பெயரைச் சங்கப் பதிவேட்டில் சேர்ப்போம். பிள்ளையின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ உதவி வேண்டுமென்றால், அதை மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்வோம். கொழும்பில், ரொறன்ரோவில், சிட்னியில் இருக்கும் நீங்களும் உங்கள் வகுப்பில் இதைத் தொடங்குங்கள்.