ஊர் வாத்தியக்காரர் இல்லத்து இசைச் சுவடி
(மகா கும்பாபிஷேக விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று விடியற்காலை தொடங்கி இத்திருக்கோயிலில் மங்கல வாத்தியம் ஒலித்த வண்ணம் இருக்கிறது. யாகசாலையிலிருந்து கடம் புறப்பட்டபோது நாகசுரமும் தவிலும் முன்னே சென்றன. கடம் பின்னே சென்றது. இறைவனுக்கு முன் செல்லும் உரிமை வாத்தியக்காரருக்கே உண்டு. ஆயினும் கோயிற் சுவர்களை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். நெய்விளக்கு வைத்தவர் பெயர் இருக்கிறது. நிலம் விட்டவர் பெயர் இருக்கிறது. நேற்று வாசித்த இசை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அது காற்றில் பிறந்து காற்றில் கலந்துவிட்டது. அதனைக் காப்பதற்குக் குருவின் நெஞ்சமும், சீடனின் நெஞ்சமும், வீட்டுப் பரணில் கிடக்கும் ஒன்றிரண்டு சுவடிகளுமே துணை.

இசையும் பக்தியும் என்ற பொருள் பற்றிப் பேசும்படி எனக்குக் கட்டளை. நம் நாட்டு இசைச் செல்வத்தைப் பற்றி எனக்கு முன் பேசிய பெரியோர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். ஆகவே நான் கடல் கடந்து, ஜெர்மனி நாட்டில் ஊர் வாத்தியக்காரராக வாழ்ந்த ஒரு குடும்பத்தையும், அவர்கள் காத்துவந்த ஒரு கையெழுத்துச் சுவடிக் கட்டையும் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அவர்கள் சமயம் வேறு, மொழி வேறு. ஆனால் அவர்களுடைய தொழில் தர்மம் நமக்கு அந்நியமன்று.

ஜெர்மனியின் நடுப்பகுதியில் துரிங்கியா என்றொரு நாடு. காடும் மலையும் சிறு நகரங்களும் நிறைந்தது. அந்நகரங்களில் ஊர்ச்சபையார் சம்பளம் கொடுத்து வாத்தியக்காரர்களை நியமித்திருந்தனர். ‘நகரக் குழலூதுவோர்’ என்பது அவர்கள் பெயர். நாள்தோறும் நகர மண்டபத்துக் கோபுரத்தின்மேல் ஏறி ஊதுவது அவர்கள் கடமை. ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருநாட்களிலும் தேவாலயத்தில் வாசிப்பர். ஊரில் நடக்கும் திருமணங்களில் வாசிப்பர். ஒருவரே குழலும் எக்காளமும் பிடிலும் பயின்றிருக்க வேண்டும். சீடர்கள் குருவின் வீட்டிலேயே தங்கி, அவர் உண்பதை உண்டு, பணிவிடை செய்து கற்றனர். தந்தையின் தொழில் மகனுக்கு வந்தது. பெண் கொடுத்தலும் கொள்ளலும் பெரும்பாலும் இசைக் குடும்பங்களுக்குள்ளேயே நிகழ்ந்தன. இதைக் கேட்கும்போது நம் ஊர்ப் பெரிய மேளக்காரர் இல்லம் உங்கள் மனக்கண் முன் வருகிறதல்லவா?

அத்தகைய குடும்பங்களுள் தலைசிறந்தது பாக் குடும்பம். எர்ஃபுர்ட் என்னும் நகரில் அக்குடும்பத்தினர் பலர் தொடர்ந்து ஊர் வாத்தியக்காரராக இருந்தமையால், பிற்காலத்தில் அப்பெயருடையார் ஒருவரும் அங்கே இல்லாதபோதும், ஊர் வாத்தியக்காரர்களைப் ‘பாக்குகள்’ என்றே மக்கள் அழைத்து வந்தனராம். இக்குடும்பத்தில் உதித்தவரே உலகப் புகழ்பெற்ற யோஹான் செபாஸ்டியன் பாக். 1685ஆம் ஆண்டில் ஐஸனாக் நகரில் பிறந்தார். தந்தையார் அம்ப்ரோஸியஸ் அந்நகரத்து வாத்தியக்காரர். செபாஸ்டியன் பிறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் அதே ஜெர்மனியில் பிறந்தவர்தான், 1706இல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கித் தமிழ் கற்ற சீகன்பால்கு. இருவரும் ஒரே சமயப் பிரிவைச் சேர்ந்தவர்கள்; ஒரே பாடல்களைக் கேட்டு வளர்ந்தவர்கள்.

செபாஸ்டியன் தம் ஐம்பதாவது வயதில், 1735இல், தம் குடும்பத்து இசைவாணர்களின் வரலாற்றை எழுதி வைத்தார். ஐம்பத்துமூவர் பெயர் அதில் உண்டு. முதற்பெயர் வைட் பாக் என்னும் முன்னோர். அவர் ரொட்டி சுடும் தொழிலாளர். தம் சமய நம்பிக்கையை முன்னிட்டு இருந்த ஊரை விட்டு வந்து துரிங்கியாவில் குடியேறியவர். மாவரைக்கும் ஆலைக்குப் போகும்போதெல்லாம் ஒரு சிறு நரம்பு வாத்தியத்தை உடன் கொண்டு சென்று, ஆலைக்கல் சுழலும் ஓசைக்கு ஏற்ப மீட்டுவாராம். அப்படித்தான் தம் குலத்தார் தாளம் பிடிக்கக் கற்றனர் என்று செபாஸ்டியன் புன்முறுவலோடு குறிப்பிடுகிறார். பெரும் புகழ் பெற்ற பின்னரும் தம் மூலவர் ஒரு ரொட்டிக்காரர் என்று எழுத அவர் கூசவில்லை.

இனிச் சுவடிக்கு வருவோம். இக்குடும்பத்து மூத்தோர் இயற்றிய தேவாலயப் பாடல்கள் ஏறத்தாழ இருபது, ஒரு கட்டாகத் திரட்டப்பட்டிருந்தன. 1604இல் பிறந்த யோஹான் பாக், அவருடைய தம்பி ஹைன்ரிக், ஹைன்ரிக்கின் மைந்தர்களான யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் மைக்கேல் ஆகியோரின் படைப்புகள் அதில் அடக்கம். மைக்கேல் என்பவர் செபாஸ்டியனின் முதல் மனைவிக்குத் தந்தையும் ஆவார். ஆகவே பிறந்த வீட்டுச் சொத்தும் புகுந்த வீட்டுச் சொத்தும் ஒரே கட்டில் இருந்தன எனலாம். அதில் ஒரு திருமணப் பாடல் உண்டு. அதனைப் படியெடுத்தவர் செபாஸ்டியனின் தந்தையார். பத்து வயது நிறையுமுன் தாயையும் தந்தையையும் இழந்த அம்மகனுக்குத் தந்தையின் கையெழுத்தைக் காண அந்தத் தாள்கள் இருந்தன! பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த இப்பாடல்களைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஒருங்கே வைத்துக் காத்தவர்கள் செபாஸ்டியனும் அவருடைய மகனுமே. ‘பழைய பாக் சுவடிக்கூடம்’ என்று அதற்குப் பெயர்.

அக்கட்டில் யோஹான் கிறிஸ்டோஃப் இயற்றிய ஒரு பாடல், தேவதூதர்களின் தலைவர் தீய சக்தியோடு செய்த போரைப் பற்றியது. மனிதக் குரலும் வாத்தியமுமாக இருபத்திரண்டு பகுதிகள் கொண்டது. இதனை இயற்றியவர் ஐஸனாக் தேவாலயத்தில் முப்பத்தெட்டாண்டுகள் ஆர்கன் வாசித்து, 1703இல் கடன் தீராமலே காலமானவர். அவர் இயற்றியவற்றை அச்சிடுவோர் அன்று எவரும் இல்லை. பிற்காலத்தில் செபாஸ்டியன் லைப்ஸிக் நகரில் அப்பாடலை அரங்கேற்றியபோது கேட்டவர்கள் அனைவரும் வியந்தனர் என்று அவர் மகன் எம்மானுவேல் 1775இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். வறுமையில் மறைந்த ஓர் ஊர்க்கலைஞரின் குரல், கட்டிக் காத்த காகிதத்தினால் மறுபடியும் பேசிற்று.

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லாமல் விட இயலவில்லை. பெற்றோரை இழந்த சிறுவன் செபாஸ்டியன், ஓர்ட்ருஃப் என்னும் ஊரில் இருந்த மூத்த அண்ணனிடம் வளர்ந்தான். அண்ணனிடம் சிறந்த ஆசிரியர்களின் இசை எழுதப்பட்ட நூல் ஒன்று இருந்தது. சிறுவன் கேட்டும் அவர் தரவில்லை. கம்பிக் கதவிட்ட அலமாரியில் வைத்துப் பூட்டினார். சிறுவன் இரவிலே எழுந்து, கம்பிகளுக்கிடையே கையை நுழைத்து, அந்நூலைச் சுருட்டி வெளியே எடுத்து, விளக்கில்லாமையால் நிலவொளியிலே ஆறுமாத காலம் படியெடுத்து முடித்தான். அண்ணன் அறிந்து, அந்தப் பிரதியையும் பிடுங்கிக்கொண்டார். 1754இல் வெளிவந்த இரங்கலுரையில் இது சொல்லப்படுகிறது. ஏட்டை மறுக்கப்பெற்ற அந்தச் சிறுவனே பின்னாளில் குடும்பத்து ஏடுகளுக்கெல்லாம் காவலன் ஆனான். பூட்டி வைப்பது வேறு, காத்து வைப்பது வேறு என்பதை அவன் அந்த நிலவொளியிலேயே உணர்ந்துவிட்டான் போலும்!

அவர் வாழ்வின் இறுதிக்கட்டம் உள்ளத்தை உருக்குவது. 1749, 1750 ஆண்டுகளில் அவருக்குக் கண்ணொளி மங்கிற்று; கை நடுங்கிற்று. அந்நிலையில் தாம் புதிதாக ஒன்று இயற்றலாம், அல்லது ஓய்ந்திருக்கலாம். அவரோ பழைய கட்டிலிருந்து, யோஹான் கிறிஸ்டோஃப் 1672இல் இயற்றிய ஒரு பாடலை எடுத்து, பாடுவோருக்கும் வாசிப்போருக்கும் வேண்டிய தாள்களை நடுங்கும் கையால் எழுதினார். ‘அன்பார்ந்த ஆண்டவரே, எங்களைத் துயிலெழுப்பும்’ என்பது அதன் பொருள். நாம் மார்கழி விடியலில் இறைவனுக்குத் திருப்பள்ளியெழுச்சி பாடுகிறோம். அங்கே அடியார் தம்மை எழுப்புமாறு இறைவனை வேண்டுகின்றனர். இருவகையிலும் விழிக்க வேண்டியது நம் உள்ளமே. தம் இறுதிச் சடங்கில் பாடுவதற்காகவே அதனை எழுதினார் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். 1750 ஜூலை 28இல் அவர் கண்மூடினார். ஆயிரம் பாடல்கள் இயற்றிய பெருங்கலைஞர், தம் இறுதிக்கெனத் தேர்ந்தது தம்முடைய பாட்டையன்று. தம் குலத்து முன்னோர் ஒருவரின் பாட்டை!

அவருக்குப் பின் சுவடிகள் பங்கு பிரிந்தன. துணைவியார் அன்னா மக்தலேனா தம் பங்கில் ஒரு தொகுதியை லைப்ஸிக் பள்ளிக்கு அளித்தார். அது அங்கே நிலைபெற்றது. மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடெமான் வறுமையுற்றுத் தம் பங்கைச் சிறிது சிறிதாக விற்றார். அவற்றுட் பல சிதறின. இரண்டாம் மகன் எம்மானுவேலோ தம் பங்கைக் கண்ணின் மணிபோல் காத்தார். இதன் பயன் என்ன? ஆண்டு முழுமைக்கும் உரிய தேவாலயப் பாடல்களை ஐந்து சுற்றுகளாகச் செபாஸ்டியன் இயற்றினார் என்று அந்த இரங்கலுரை கூறுகிறது. இன்று கிடைப்பன ஏறத்தாழ இருநூறே. 1731இல் அவர் அரங்கேற்றிய மாற்கு சுவிசேஷ இசைநாடகத்தின் சொற்கள் உள்ளன, இசை இல்லை. ஃப்ரீடெமானைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. கலைஞனைப் பசியோடு வைக்கும் ஊர், அவன் வீட்டுச் சுவடியை இழப்பது அவன் பிழையாகுமா?

பழைய சுவடிக்கூடம் எம்மானுவேலின் பங்கிலே இருந்தது. 1788இல் அவர் ஹாம்பர்க்கில் மறைந்தார். 1790இல் அச்சான அவருடைய உடைமைப் பட்டியலில் அக்கட்டுக்குத் தனி இடம் தரப்பட்டது. பின்னர் பொல்ஷாவ் என்ற சேகரிப்பாளர் கைக்கு வந்து, அவர் மூலம் பெர்லின் நகரின் ஸிங்-அக்கடெமி என்னும் பாடகர் சபையின் நூல்நிலையத்தை அடைந்தது. 1935இல் அப்பாடல்கள் அச்சேறின. பின்னர் உலகப் போர் மூண்டது. குண்டு வீச்சுக்கு அஞ்சி, 1943இல் அச்சபையின் சுவடிகளைச் சைலீஸியா நாட்டு மாளிகை ஒன்றுக்கு அனுப்பினர். போர் முடிந்ததும் அவை காணப்படவில்லை. எரிந்தன என்றனர் சிலர். அழிந்தன என்றனர் சிலர். ஐம்பதாண்டுகளுக்கு மேல் எவரும் அவற்றைக் கண்டிலர். 1999இல் கிறிஸ்டோஃப் வோல்ஃப் என்ற பேராசிரியரும் அவருடைய தோழர்களும் உக்ரைன் தலைநகராகிய கீவ் நகரின் ஆவணக் காப்பகத்தில் அவற்றைக் கண்டுபிடித்தனர். சோவியத் படையினர் கொண்டு சென்ற ஐயாயிரத்துக்கு மேற்பட்ட இசைச் சுவடிகள் அங்கே இருந்தன. அவற்றினிடையே பாக் குடும்பத்துப் பழைய கட்டும் இருந்தது. நடுங்கும் கை எழுதிய அந்தத் தாள்களும் இருந்தன. 2001இல் அவை பெர்லினுக்குத் திரும்பின.

அன்பர்களே, திருப்பணி தொடங்குமுன் நாம் என்ன செய்தோம்? மூலவரின் ஆற்றலைக் கலசத்தில் ஆவாகனம் செய்து பாலாலயத்தில் எழுந்தருளச் செய்தோம். கோபுரம் சாரம் கட்டி நின்ற காலத்திலும் வழிபாடு நின்றதில்லை. இன்று அவ்வாற்றலை மீண்டும் உரிய இடத்தில் சேர்த்திருக்கிறோம். அந்தச் சுவடிகள் அந்நிய நகரில் உறங்கிய காலத்தை நினைக்கும்போது எனக்குப் பாலாலயமே நினைவுக்கு வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பாலாலயத்தில் விளக்கேற்ற நாம் இருந்தோம்; அங்கே விளக்கேற்ற ஒருவரும் இல்லை. பெயரறியாத காப்பகப் பணியாளர் சிலர் அவற்றைக் கரையான் தின்னாமல் வைத்திருந்தனர். அவர்களுக்கும் நம் வணக்கம் உரியது.

இறுதியாக ஒரு விண்ணப்பம். என் இளமையில், ஒரு நாகசுர வித்துவான் மறைந்த சில திங்களில் அவர் இல்லத்துக்குச் சென்றிருந்தேன். திண்ணையோரத்தில் பழைய நோட்டுப் புத்தகங்கள் கயிற்றால் கட்டி வைக்கப்பட்டிருந்தன. மேலே இருந்ததைப் புரட்டினேன். திருவிழாவின் இன்ன நாளில், இன்ன வீதியில், இன்ன இராகம் என்று வரிசையாகக் குறித்திருந்தார். ‘இதை என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கேட்டேன். ‘எடைக்குப் போடத்தான் ஐயா’ என்றார்கள். கேட்டு வாங்கிக்கொள்ள எனக்கு அன்று துணிவு வரவில்லை. மறுமுறை சென்றபோது கயிறு மட்டும் கிடந்தது. அந்தக் கயிற்றை நான் இன்னும் மறக்கவில்லை.

இத்திருக்கோயிலுக்குச் சேவை செய்யும் வாத்தியக் குடும்பத்தினர் இச்சபையில் இருக்கிறார்கள். உங்கள் பரணில் ஏடோ நோட்டோ இருந்தால் அதனை எடைக்கு இடாதீர்கள். திருப்பணிக் குழுவினரை நான் வேண்டிக்கொள்வதும் இதுவே: விமானத்துக்குப் பொன் பூசினீர்கள், மதிலைப் புதுப்பித்தீர்கள், இனி ஓர் அலமாரியும் வாங்குங்கள். அந்த ஏடுகளைப் படியெடுத்து, மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்து, படியைக் கோயிலில் வையுங்கள். அந்த அலமாரியைப் பூட்டுங்கள். ஆனால் நிலவொளியில் வந்து கேட்கும் சிறுவனுக்குச் சாவியை மறுக்காதீர்கள்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் முன்னிற்க! ஊரும் கோயிலும் இசையும் ஓங்குக!