இந்த வயசுல வாத்தியமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமா இந்த இடத்தில் நின்று கடன் தவணை, பதிவேடு, வங்கி இணைப்பு என்றுதான் பேசுவேன். இன்றைக்கு வேறு ஒன்று பேசப் போகிறேன். குழுக்கூட்டம் முடிந்து கிளம்பும்போது சில அக்காமார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கிற கேள்வி இது. "போன்லயே பியானோ, கீபோர்டு எல்லாம் சொல்லித் தர்றாங்களாமே, நாப்பது அம்பது வயசுக்கு மேல அதெல்லாம் வருமா?" கேட்கும்போதே குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்ட மாதிரி. அதனால்தான் எல்லார் முன்னாலும் பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

பதில் இதுதான்: வரும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

பியானோவும் கீபோர்டும்

பியானோ என்பது பெரிய மரப்பெட்டி வாத்தியம். சுமார் 1700-ஆம் ஆண்டு வாக்கில் இத்தாலியில் பார்தொலொமேயோ கிறிஸ்டோஃபோரி என்பவர் உருவாக்கியது. கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சின்னச் சுத்தியல் போய்க் கம்பியில் தட்டும். மெதுவாக அழுத்தினால் மெல்லிய சத்தம், ஓங்கி அழுத்தினால் பெரிய சத்தம். அதில் 88 கட்டைகள்: 52 வெள்ளை, 36 கறுப்பு. விலையும் அதிகம், இடமும் அடைக்கும், அடிக்கடி சுருதி சேர்க்க ஆள் வரணும். நம்ம வீட்டுக்குத் தேவையில்லை. சர்ச்சிலும் கச்சேரி மேடையிலும் பார்க்கிறோமே, கரண்டில் ஓடும் கீபோர்டு, அது போதும். பெரும்பாலும் 61 கட்டைகள் இருக்கும். ஆரம்பப் பாடங்களை எல்லாம் அதிலேயே படிக்கலாம்.

இத்தனை கட்டையா என்று பயப்பட வேண்டாம். 12 கட்டைகள்தான். ஏழு வெள்ளை, ஐந்து கறுப்பு. அந்தப் பன்னிரண்டே திரும்பத் திரும்ப வருது. கறுப்புக் கட்டைகளைப் பாருங்க, ரெண்டு சேர்ந்து ஒரு கூட்டம், மூணு சேர்ந்து ஒரு கூட்டமாக இருக்கும். ரெண்டு கறுப்பு இருக்கும் இடத்துக்கு உடனே இடது பக்கத்து வெள்ளைக் கட்டைதான் 'சி'. இதை அடையாளம் கண்டுபிடித்தால் முதல் பாடம் முடிந்தது.

"எட்டுக்கட்டைக் குரல்" என்று நாம் சொல்வது எங்கிருந்து வந்தது தெரியுமா? இந்தக் கட்டைக் கணக்கிலிருந்துதான். 'சி' என்பது ஒரு கட்டை, அடுத்த வெள்ளை ரெண்டு கட்டை, அப்படியே ஏழு வரை. எட்டாவது மறுபடியும் 'சி', மேல் ஸ்தாயியில். நடுவில் வரும் கறுப்புகள்தான் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. இன்னொன்றும் சொல்கிறேன். 'சி'யை ச என்று வைத்துக்கொண்டு வெள்ளைக் கட்டைகளை மட்டும் வரிசையாக வாசித்தால், அது சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள். ஆக, வெளிநாட்டு வாத்தியம் என்று ஒதுங்கி நிற்க ஒன்றுமில்லை.

வயசு ஒரு தடையா?

சின்னப் பிள்ளைகள் கேட்டவுடன் பிடித்துக்கொள்வார்கள், உண்மைதான். அவர்கள் விரலும் வேகமாக வளையும். பெரியவர்களுக்கு விரல் மெதுவாகத்தான் பழகும். ஆனால் ஏன் எதற்கு என்று புரிந்து படிப்பதும், ஒரே வரியைப் பத்துத் தடவை பொறுமையாக வாசிப்பதும் பெரியவர்களுக்குத்தான் வரும்.

எல்லாருக்கும் கஷ்டமான கட்டம், ரெண்டு கையும் சேர்த்து வாசிப்பது. வலது கை ஒன்று வாசிக்கும், இடது கை வேறொன்று வாசிக்கும். தையல் மெஷின் ஓட்டுகிற அக்காமார் யோசித்துப் பாருங்க. கால் மிதிக்குது, ஒரு கை துணியைத் தள்ளுது, இன்னொரு கை திருப்புது. முதல் நாளே வந்ததா? அதே மாதிரிதான் இதுவும். தாளத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். கும்மி அடிக்கிறவர்களுக்கும் நடவுப்பாட்டு பாடுகிறவர்களுக்கும் தாளத்தை யார் சொல்லித் தரணும்?

2007-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 60 முதல் 85 வயது வரை உள்ளவர்களுக்கு ஆறு மாதம் பியானோ கற்றுக்கொடுத்தார்கள். நினைவையும் கவனத்தையும் சோதிக்கும் சில தேர்வுகளில் அவர்கள் முன்னேறியிருந்தார்கள். சிறிய ஆய்வுதான், வாத்தியம் வாசித்தால் மறதி வராது என்று நான் சொல்லவில்லை. அறுபதுக்கு மேலும் கற்க முடியும் என்பது மட்டும் தெளிவு. டவுனில் பிள்ளைகள் எழுதுகிறார்களே லண்டன் டிரினிட்டி கிரேடு தேர்வு, அதற்குக்கூட வயது உச்சவரம்பு கிடையாது. நாம் தேர்வு எழுதணும் என்று இல்லை, கதவு திறந்துதான் இருக்கு என்பதற்காகச் சொல்கிறேன்.

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிள்" என்ற கேலியையும் தாங்கித்தான் ஓட்டினார்கள். கேலி நின்றுபோச்சு, சைக்கிள் நின்றுவிடவில்லை.

போன் வழியாக எப்படி?

ரெண்டு வகை இருக்கு. ஒன்று, ஏற்கெனவே பதிவு செய்து யூடியூபில் போட்டிருக்கும் பாடங்கள். தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. நிறுத்தி, பின்னால் ஓட்டி, எத்தனை தடவை வேண்டுமானாலும் பார்க்கலாம். ஆனால் நம்ம தப்பைத் திருத்த ஆள் இருக்காது. இரண்டாவது, வீடியோ அழைப்பில் ஆசிரியர் நேரடியாகச் சொல்லித் தருவது. அவர் நம்ம விரலைப் பார்த்துத் திருத்துவார். முதல் மாதம் இலவசப் பாடம், பிடித்திருந்தால் அதன்பின் ஆசிரியர் என்று போவது நல்லது.

நேரடி வகுப்பில் சில விஷயம் தெரிந்திருக்கணும். போனில் சத்தம் வந்து சேரக் கொஞ்சம் தாமதமாகும். அதனால் ஆசிரியரும் நாமும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. அவர் வாசித்து முடித்த பிறகு நாம் வாசிக்கணும். போனை முகத்துக்கு நேரே வைக்காமல், பக்கவாட்டில் கொஞ்சம் உயரத்தில், விரல்கள் தெரிகிற மாதிரி வையுங்க. வீடியோ அழைப்பு டேட்டாவை நிறையத் தின்னும். பதிவுப் பாடத்தை சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொண்டால் செலவு குறையும்.

உட்காரும்போது முழங்கை கட்டைகளின் உயரத்தில் இருக்கணும். விரல்கள் ஒரு எலுமிச்சம்பழத்தை உள்ளங்கையில் பொத்திப் பிடித்த மாதிரி வளைந்திருக்கணும். நகம் வெட்டியிருக்கணும். ரெண்டு கையிலும் கட்டைவிரல் 1, சுண்டுவிரல் 5 என்று எண் வைத்துச் சொல்லித் தருவார்கள். களை எடுத்துக் காய்த்துப்போன கை என்று தயங்க வேண்டாம். கீபோர்டு கட்டைக்குப் பலம் தேவையில்லை. வலித்தால் மட்டும் உடனே நிறுத்திடுங்க.

ஞாயிற்றுக்கிழமை ரெண்டு மணி நேரம் வாசிப்பதைவிட, தினமும் பதினைந்து நிமிஷம் வாசிப்பதுதான் விரலில் தங்கும். ஹெட்போன் மாட்டிக்கொண்டால் ராத்திரியில் யாருக்கும் தொந்தரவு இல்லை.

பணத்தில் கவனம்

நல்ல கம்பெனியின் 61 கட்டை கீபோர்டு புதிதாக வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். ஆசைப்பட்ட முதல் வாரமே வாங்காதீங்க. தெரிந்தவர் வீட்டில், சர்ச்சில் சும்மா கிடப்பதைக் கேட்டு ஒரு மாதம் பழகிப் பாருங்க. பழசு வாங்கினால் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்து வாங்கணும். மூணு நாலு பேர் சேர்ந்து ஒன்று வாங்கி, கிழமை பிரித்து வைத்துக்கொள்ளலாம். சேர்ந்து சேமித்த நமக்கு இது புதுசா? ஆனால் தொழில் கடனாக வாங்கின பணத்தை இதற்குத் திருப்பாதீங்க. கடன் எதற்கு வாங்கினோமோ அதற்குத்தான்.

இணைய வகுப்பில் ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டச் சொன்னால் கட்டாதீங்க. ஒரு வகுப்பு பார்த்துவிட்டு மாதாமாதம் கட்டுங்க. "முதல் மாதம் ஒரு ரூபாய்" என்று வந்தால், ஆட்டோபே என்ற பெயரில் அடுத்த மாதத்திலிருந்து கணக்கில் தானாகப் பணம் எடுக்க அனுமதி கேட்கிறார்களா என்று பார்க்கணும். ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் போய்விட்டது என்று தெரிந்தால் அழுதுகொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்க.

இதில் என்ன வருமானம்?

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். உள்ளதைச் சொல்கிறேன். பெரும்பாலோருக்கு இதில் வருமானம் கிடையாது.

இத்தனை வருஷமாக நாங்கள் உங்களுக்குக் கொடுத்த பயிற்சியை எல்லாம் எண்ணிப் பாருங்க. சோப்பு, ஊதுபத்தி, தையல், காளான், ஆடு வளர்ப்பு. எல்லாமே வீட்டுக்குக் காசு கொண்டுவரத்தான். அது வேணும், அது இல்லாமல் நாம் இந்த நிலைக்கு வந்திருக்க முடியாது. ஆனால் பெண் எதைக் கற்றாலும் குடும்பத்துக்கு லாபம் காட்டினால்தான் சரி என்று யார் சட்டம் போட்டது? வீட்டு ஆண்கள் டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் அதற்கு என்ன வருமானம் என்று யாரும் கேட்பதில்லை. நாம் பதினைந்து நிமிஷம் ஒரு பாட்டை வாசித்துப் பார்த்தால் மட்டும் கணக்குக் காட்டணுமா?

அந்தப் பதினைந்து நிமிஷம் தானாகக் கிடைக்காது. கேட்டு வாங்கணும். பிள்ளை கையில் இருக்கும் போனைக் கேட்கணும். "இந்த நேரம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று வீட்டில் சொல்லணும். கட்டைகளைப் படிப்பதைவிட இதுதான் பலருக்குக் கஷ்டமான பாடமாக இருக்கும். வங்கி மேலாளர் முன்னால் நின்று பேசக் கற்றுக்கொண்ட நமக்கு இதுவும் வரும்.

வாத்தியம்தான் என்று இல்லை, கோலமோ, நீச்சலோ, ஆங்கிலமோ, உங்க மனசில் கிடப்பது எதுவோ அது. அடுத்த குழுக்கூட்டத்தில் சந்தா வசூல் முடிந்ததும் ஒவ்வொருவரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்க: "எனக்காக மட்டும் நான் என்ன கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறேன்?" ஊக்குநர்கள் அதைத் தீர்மான நோட்டில் பெயரோடு எழுதுங்க. எழுதிவிட்டால் மறக்காது. ஒரே ஆசை ரெண்டு பேருக்கு இருந்தால் சேர்ந்தே தொடங்கிடலாம்.