பிசிறை விட்டுவிடாதீர்கள்



பறையைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் வேறொரு மேளக்காரரிடமிருந்து தொடங்குகிறேன். 2024-இல் நியூயார்க்கில் ஓர் அஞ்சலிக் கச்சேரிக்குப் போயிருந்தேன். மேக்ஸ் ரோச் என்கிற கருப்பின ஜாஸ் டிரம்ஸ் கலைஞருக்கு அது நூற்றாண்டு. 1924-இல் பிறந்து 2007-இல் மறைந்தவர்.

அவர் 1960-இல் பதிவு செய்த ‘வீ இன்சிஸ்ட்’ இசைத்தட்டைத்தான் அன்று வாசித்தார்கள். ‘வலியுறுத்துகிறோம்’ என்று அர்த்தம். அந்த வருசம் பிப்ரவரி 1-இல் கிரீன்ஸ்பரோவில் நான்கு கருப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுந்திருக்க மறுத்தார்கள். தட்டின் அட்டையிலும் அப்படியொரு கடை. மூன்று கருப்பர்கள் நம்மைத் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் வெள்ளைக்காரச் சிப்பந்தி. இரட்டை டம்ளர் பார்த்த நமக்கு இதை விளக்கணுமா என்ன?

முதல் பாட்டு அடிமைகளை விரட்டும் கங்காணியைப் பற்றியது. ஐந்து தட்டுத் தாளம். ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டு சாட்டையடியாக விழும். பதிவில் கோல்மன் ஹாக்கின்ஸின் சாக்ஸபோன் ஓரிடத்தில் கீச்சென்று பிசிறுகிறது. அதை வெட்டி ஒட்டிச் சரிசெய்ய அவர் சம்மதிக்கவில்லை. இந்த மாதிரிப் பாட்டில் எல்லாம் சுத்தமாக இருந்தால் அதுதான் கோளாறு என்பது அவர் கட்சி.

அஞ்சலியில் அந்த இடம் பிசிறே இல்லாமல் வந்தது. இன்னொரு பாட்டில் ஆபி லிங்கன் வார்த்தையில்லாமல் அலறுவார். அடிவயிறு கலங்கும். அன்று வேறொரு பாடகி அலறி முடித்ததும் சபை கைதட்டியது. நானும் தட்டினேன். அப்புறம் கை கூசியது. அலறலுக்கா கைதட்டுவது?

தென் கரோலினாவில் 1739-இல் அடிமைகள் மேளம் கொட்டிக் கலகம் செய்தார்கள். 1740-இல் சட்டம் போட்டு மேளத்தைத் தடுத்தான் ஆண்டை. அவர்களிடம் ‘அடிக்காதே’ என்றான். நம்மிடம் ‘சாவுக்கு வந்து அடி’ என்றான். ரெண்டும் ஒரே அதிகாரம்தான். எப்போ அடிக்கணும் என்பதை அவனே தீர்மானித்தான். ஆகவே சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைக் கீழே வைத்ததும் விடுதலைதான். நம் மேடையில் நாமே எடுத்து அடித்ததும் விடுதலைதான். இந்த ரெண்டையும் மோதவிட்டுக் காலம் கழிக்க வேண்டாம்.

என் பயம் வேறு. இன்று கல்லூரி விழாவிலும் கல்யாணத்திலும் சீருடை போட்டுப் பறை அடிக்கிறார்கள். கைதட்டல் கூரையைப் பிய்க்குது. நல்லாத்தான் இருக்கு. ஆனால் கைதட்டுகிறவன் சேரிக்கு வந்து ஒரு வாய் தண்ணி குடிப்பானா? சுடுகாட்டுக்குப் பாதை கேட்டால் கூட நிற்பானா? இதைக் கேட்காத பறை, நாம் உசிரோடு இருக்கும்போதே நமக்கு நடத்துகிற அஞ்சலிக் கச்சேரி.

நல்லா அடிங்க தோழர்களே. ஆனால் கேட்கிறவனுக்கு உறுத்தணும். அந்தப் பிசிறை யாரும் துடைக்க விடாதீங்க.